மூக்கறுப்பு வைத்தியம்

முகத்தின் பக்கத் தோற்றத்தைச் சமப்படுத்திக் கொள்ளுவது என்பதாக ஒரு வைத்தியம் இப்போது பட்டணங்களில் பலமாக நடந்து வருகிறது. மூக்குத் தண்டில் மேடிருந்தால் அதைச் சீவி எடுப்பது. மோவாய் உள்ளே போயிருந்தால் அங்கே சிலிக்கோன் துண்டை வைப்பது, அல்லது மோவாய் எலும்பையே அறுத்து முன்னால் நகர்த்தித் தகடும் திருகாணியும் போட்டு முடுக்குவது. தாடை அகலமாயிருந்தால் ஓரத்தைச் செதுக்குவது. கத்திக்குப் பயந்தவர்களுக்கு ஊசியில் பசை போன்ற மருந்தை ஏற்றி, அது கரைகிற வரையில் கொஞ்ச காலம் காட்சி காட்டுவது ஆகியவைகள்தான் இந்த வைத்தியத்தின் அங்கங்கள். இதற்கு விளம்பரம் உண்டு; செய்வதற்கு முன், செய்ததற்குப் பின் என்று இரண்டு படங்கள் உண்டு; கையில் ரொக்கமில்லாதவர்களுக்குத் தவணை முறையும் உண்டு. நம் வாலிபர்களும் பெண்களும் கைப்பேசியில் தங்கள் முகத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, இதைச் செய்து கொள்ளலாமா கூடாதா என்று கவலைப்பட்டுக் கொண்டிருப்பதால் இதைப் பற்றி நாம் எழுத வேண்டியதாயிருக்கிறது.

முதலில் வைதீகர்களின் ஆட்சேபணையைத் தீர்த்து விடுவோம். கடவுள் கொடுத்த முகத்தில் மனிதன் கத்தி வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கடவுள் கொடுத்த காதில் துளை போடுகிறவர்கள் யார்? கடவுள் கொடுத்த மூக்கில் துளை போட்டுத் திருகு மாட்டுகிறவர்கள் யார்? கடவுள் கொடுத்த தலைமயிரை அந்தக் கடவுள் வாசலிலேயே மழித்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் யார்? பல் விழுந்தால் பொய்ப்பல் கட்டிக் கொள்ளுகிறார்கள். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக் கொள்ளுகிறார்கள். அன்றியும் இராமாயணத்தில் இலட்சுமணன் சூர்ப்பனகையின் மூக்கை அறுத்தபோது, அது கடவுள் கொடுத்த மூக்காயிற்றே என்று அங்கே ஒருவரும் குறுக்கே விழுந்து தடுத்ததாகக் காணோம். ஆகவே இந்த ஆட்சேபணைக்கு நாம் இதற்கு மேல் காகிதம் செலவிடப் போவதில்லை. இயற்கையாய் அமைந்தது எதுவோ அதைத் தொடக் கூடாது என்று சொல்லுகிறவன் அம்மைப்பால் குத்திக் கொள்ளவும் கூடாது, குடை பிடிக்கவும் கூடாது.

கத்தியின் மேல் நமக்குப் பகையில்லை. அது மனித அறிவின் ஆயுதம். இன்னும் சொல்லப் போனால் மூக்கு வைத்தியத்தின் சரித்திரத்தில் நம்மவர்கள் பெருமைப்படத்தக்க ஒரு சங்கதியும் இருக்கிறது. 1792ஆம் வருஷத்து மைசூர்ச் சண்டையில் இங்கிலீஷ் படைக்கு மாடு ஓட்டின காவாஸ்ஜி என்ற ஒருவன் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டு, அவர்கள் அவன் மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பி விட்டார்கள். ஒரு வருஷ காலம் மூக்கில்லாமல் திரிந்த அவனுக்குப் பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் புது மூக்குச் செய்து வைத்தார். இந்த விஷயம் 1794ல் லண்டன் பத்திரிகையொன்றில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்தறிந்து, கார்ப்யூ என்ற வைத்தியர் 1814ல் லண்டனில் அதே முறையில் மூக்குச் செய்தார். அதிலிருந்துதான் மேல்நாட்டில் இந்த வைத்தியம் புதிதாகக் கிளம்பிற்று.

சரி, பூனாவில் செய்தவர் யார்? நாலு வேதமும் ஆறு சாஸ்திரமும் படித்த பண்டிதரா? இல்லை. செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்தவர் என்றுதான் அந்தப் பத்திரிகையே எழுதியிருக்கிறது. சுசுருதர் புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று இன்றைக்கு மார் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் கையில் வைத்துக் காப்பாற்றினவன் மண் பிசைந்த மனிதன். அவன் பெயரைக் கூட ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மாட்டுக்காரன் பெயர் தெரிகிறது, மூக்கு வைத்தவன் பெயர் தெரியவில்லை.

அவர் செய்த மாதிரியையும் கவனிக்க வேண்டும். மெழுகை மெல்லிய தகடாக்கி, அறுபட்ட மூக்கின் அடிக்கட்டையின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்து, அந்தத் தகட்டை நெற்றியில் விரித்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்துத் திருப்பி ஒட்ட வைத்தார். அதாவது அவர் அளவெடுத்தது எதிரில் உட்கார்ந்திருந்த மனிதனுடைய முகத்திலிருந்து. பின்னால் 1917ல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற இடத்தில் திறந்த ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முகம் சிதைந்து போன 5000க்கு மேற்பட்ட சிப்பாய்களுக்கு கில்லீஸ் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் முகம் தைத்துக் கொடுத்ததும் இப்படிப்பட்ட காரியமே. உதடு பிளந்து பிறந்த குழந்தைக்குச் செய்வதும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல் சோற்றை மெல்ல முடியாதவனுக்குத் தாடையை அறுத்துப் பொருத்துவதும், மூக்கின் நடுத்தண்டு வளைந்து மூச்சுத் திணறுகிறவனுக்கு அதை நிமிர்த்துவதும் அப்படியே. இவைகளைப் பற்றி நமக்குத் தகராறில்லை. பணமில்லாத ஏழைக்கும் இவை கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி.

நிற்க. இப்போது விளம்பரம் செய்யப்படும் வைத்தியம் இதுவல்ல. மூச்சு நன்றாக வருகிறது, சோறு நன்றாக இறங்குகிறது, பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் முகம் சமமாக இல்லை என்கிறார்கள். எதற்குச் சமமாக இல்லை? தராசு என்றால் இரண்டு தட்டு இருக்க வேண்டும். ஒரு தட்டில் நம் மூக்கு இருக்கிறது. மற்றொரு தட்டில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தத் தட்டில் இருப்பது ஒரு கற்சிலை என்றால் நம்புவீர்களா? முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கோணம் அளக்கும் வித்தையை ஏற்படுத்தினவர் பெட்ரஸ் காம்பர் என்ற டச்சுக்காரர். அவர் எழுதியது அவர் செத்த பிறகு 1791ல் அச்சாயிற்று. நெற்றியிலிருந்து பல் வரையில் ஒரு கோடு, காதிலிருந்து மூக்கடி வரையில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் என்ன கோணம் என்று அவர் அளந்தார். மனிதக் குரங்குக்கு 58 டிகிரி, நீக்ரோவருக்கு 70, ஐரோப்பியருக்கு 80 என்று வரிசை வைத்தார். எல்லாவற்றிற்கும் உச்சியில் 100 டிகிரி என்று ஒன்றை வைத்தாரே, அது யார் முகம்? உயிரோடிருக்கிற எந்த மனிதன் முகமும் அல்ல. கிரேக்கச் சிற்பி செதுக்கின சிலையின் முகம்! காம்பர் மனிதர் எல்லாம் ஒரே இனம் என்று சொன்னவர்தான். அவருடைய உத்தேசம் சித்திரக்காரர்களுக்குப் பாடம் சொல்லுவது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் படத்தை எடுத்து வைத்துக் கொண்டு, குரங்குக்குப் பக்கத்தில் கறுப்பனை நிறுத்தி, சிலைக்குப் பக்கத்தில் தங்களை நிறுத்திக் கொண்டார்கள்.

அந்த அளவுகோல் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1901ஆம் வருஷத்து ஜனக்கணக்கை நடத்தின ரிஸ்லி துரை, மூக்கின் அகலத்தை 100ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்து, வருகிற எண்ணைக் கொண்டு இந்நாட்டு ஜனங்களைப் பிரித்தார். 70க்குக் கீழே இருந்தால் கூர்மூக்கு, 85க்கு மேலே போனால் சப்பை மூக்கு. மூக்கு எவ்வளவுக்கெவ்வளவு அகலமோ அவ்வளவுக்கவ்வளவு ஜாதி தாழ்வு என்று ஒரு விதியே செய்து விட்டார். சென்னையில் தர்ஸ்டன் துரை, மியூசியத்தின் தலைவராக இருந்து கொண்டு அளவுக் கருவியோடு இம்மாகாணத்து ஜனங்களை அளந்தார். அவர் பேரால் 1909ல் வந்த ஏழு வால்யூம்களில் நம் பாட்டன் பூட்டன் மூக்கெல்லாம் எண்ணாக இருக்கிறது. மனுதர்மம் காலில் பிறந்தவன் என்று சொல்லிற்று. துரை மூக்கில் பிறந்தவன் என்று சொன்னார். நம்மவர்களுக்கு இரண்டும் ஒரே பலனைத்தான் கொடுத்தது.

ஆனால் இந்தக் கணக்கு நிற்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1948ல் தீண்டப்படாதவர்களைப் பற்றி எழுதின புத்தகத்தில், இவர்கள் அளந்து வைத்த மூக்கு அளவுகளையே எடுத்து விரித்துக் காட்டி, இந்த அளவை நம்புவதானால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தார் என்றுதான் ஏற்படுகிறது என்று திருப்பியடித்தார். அவர்கள் கொடுத்த கத்தியாலேயே அவர்கள் விதியின் மூக்கை அறுத்த பெருமை அவருக்கு உண்டு. 2017ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தார் செய்த ஆராய்ச்சியில், மூக்குத் துவாரத்தின் அகலம் அந்தந்த மக்களுடைய முன்னோர்கள் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் சம்பந்தப்பட்டிருக்கிறதென்று கண்டார்கள். குளிர்ந்து உலர்ந்த காற்று குறுகிய மூக்கின் வழியாகப் போனால் சூடாகி நனைந்து உள்ளே போகிறது. வெப்ப பூமியில் அந்த வேலை அவ்வளவு தேவையில்லை. நம் மூக்கு அகலமாயிருப்பதற்கு முற்பிறப்பின் பாவமும் காரணமல்ல, ஜாதியும் காரணமல்ல. வெயில் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். இன்றைக்கு வைத்தியர் மேசையிலும் ஒரு கோடு இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து மோவாய் முனை வரையில் ஒரு நேர்கோடு இழுத்து, உதடு அதற்குச் சற்று உள்ளே இருந்தால் அழகு, வெளியே வந்தால் குறை என்பது அக்கோட்டின் சட்டம். ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல்வரிசை வைத்தியர் வெள்ளைக்கார முகங்களைப் பார்த்துப் போட்ட கோடு அது. ஆப்பிரிக்கர்களிடத்திலும் கீழ்நாட்டார் பலரிடத்திலும் உதடு இயல்பாகவே கோட்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இதைப் பல தேசத்து வைத்தியர்களே அளந்து பார்த்து எழுதி, அந்தந்த ஜனங்களுக்கு வேறு கணக்கு வேண்டும் என்கிறார்கள். ஆனால் விளம்பரக் கடையில் அந்தப் பேச்சு இல்லை. துணிக்கடைக்காரன் தன் கோலால் அளந்து உன் உடம்பே கட்டை என்று சொல்லுகிறான். நாமும் வெட்கப்பட்டுக் கொண்டு, உடம்பை நீட்டித் தரும்படி அவனையே கேட்கிறோம்.

மேல்நாட்டில் இந்த அழகு வைத்தியம் யாருக்காகக் கிளம்பிற்று என்று பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1887ல் அமெரிக்காவில் ரோ என்ற வைத்தியர் சப்பை மூக்கை நிமிர்த்த வழி எழுதினார். அது அங்கே ஏழைகளாய் வந்து குடியேறின ஐரிஷ்காரர்களைக் கேலி செய்கிறவர்கள் கேலிக்கு எடுத்துக் கொண்ட மூக்கு. பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத வைத்தியர் 1896ல் விரிந்த காதுக்காகப் பரிகசிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குக் காதைச் சரி செய்து, அது வீண் பகட்டு வேலை என்று மேலதிகாரியால் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டார். 1898ல் பெரிய மூக்கால் வெளியே தலை காட்ட முடியாமல் மனமுடைந்திருந்த ஒருவருக்கு மூக்கைச் சிறிதாக்கினார்; அந்த மனிதர் பிறகு தைரியமாகத் தெருவில் நடந்தார். யூதர்கள் பலர் அவரிடம் வந்தார்கள். ஜோசப்பை நாம் குறை சொல்ல மாட்டோம். துன்பப்பட்டவனுக்குத் தன்னாலான உதவி செய்தார்.

ஆனால் கடைசியில் நடந்ததென்ன? 1933ல் ஹிட்லர் வந்தான். 1935ல் யூதன் யார் என்று சட்டம் செய்தான். அந்தச் சட்டம் மூக்கைப் பார்த்ததா? பாட்டனும் பாட்டியும் எந்த மதத்தில் இருந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தது! மூக்கைப் பற்றி அத்தனை வருஷம் கேலிச் சித்திரம் போட்டவர்கள், பிடிக்கிற நாள் வந்தபோது மூக்கைப் பிடிக்கவில்லை, பிறப்பைப் பிடித்தார்கள். இழிவு செய்கிறவனுக்கு மூக்கு ஒரு சாக்கு. சாக்கை அறுத்தெறிந்தால் வேறொரு சாக்கு எடுத்துக் கொள்ளுவான். நம் நாட்டில் கூர்மூக்குள்ள தீண்டப்படாதவனை எந்த அக்கிரகாரம் உள்ளே கூப்பிட்டது? சப்பை மூக்குள்ள அய்யரை எந்தக் கோயில் கருவறை வெளியே தள்ளிற்று?

இது ஒரு புறமிருக்க, செய்து கொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகத்தானே இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லுவார்கள். இருக்கலாம், அதை நாம் மறுக்கவில்லை. ஒருவன் தனக்குப் பிடித்தபடி தன் பணத்தில் தன் முகத்தை மாற்றிக் கொண்டால் அவனைக் கேலி செய்வது சுயமரியாதைக்காரன் வேலையல்ல. ஆனால் பத்துப் பேர் செய்து கொண்டது நூறு பேருக்கு வழக்கமாகி, வழக்கம் யோக்கியதையாகி, யோக்கியதை கட்டாயமாகும் போது என்ன ஆகிறது என்பதைத் தென் கொரியாவைப் பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டும். அங்கே உத்தியோக விண்ணப்பத்தில் முகப்படம் ஒட்டுவது நெடுங்கால வழக்கம். பொதுத்துறை நிறுவனங்களிலாவது படம் கேட்கக் கூடாது என்று 2017ல் சர்க்கார் உத்திரவு போட வேண்டியிருந்தது. பல் சேராதவர்களுக்காக ஏற்பட்ட இரட்டைத் தாடை அறுவையை, முகம் சிறுத்துத் தெரிவதற்காகச் செய்து கொள்ளும் பழக்கம் அங்கே பரவிற்று. 2014ல் சியோல் நகரில் ஒரு வைத்தியசாலைக்காரர்கள், வருகிறவர்களிடம் செதுக்கியெடுத்த தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் குழாயில் கோபுரம் போல அடுக்கிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்! சுடுகாட்டில் இருக்க வேண்டியது வரவேற்பு அறையில் இருந்தது. அதிகாரிகள் தலையிட்ட பிறகுதான் எடுத்தார்கள்.

2016ல் அதே நகரில் ஒரு மாணவன் தாடையைச் செதுக்கிக் கொள்ளப் போய்ப் படுத்தான். அறுக்க ஒப்புக் கொண்ட வைத்தியர் ஒரே நேரத்தில் பல அறைகளில் பலரை அறுத்துக் கொண்டிருந்தார். நடுவில் வேறொரு வைத்தியர் கையில் விட்டுப் போனார். இரத்தம் நிற்காமல் போய்க் கொண்டிருந்த போது உதவியாட்களைத் தவிர அங்கே யாருமில்லாத நேரமும் இருந்தது. பையன் நினைவு தப்பிச் சில வாரங்களில் செத்தான். அவன் தாய் அந்த அறையின் காமிராப் படத்தை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்து, நிமிஷம் நிமிஷமாகக் கணக்கெழுதி, வருஷக் கணக்காக வழக்காடினாள். பார்லிமெண்டு வாசலில் அட்டை பிடித்து நின்றாள். வைத்தியசாலைத் தலைவருக்குத் தண்டனை கிடைத்தது. மயக்க மருந்து கொடுத்து அறுக்கும் அறைகளில் காமிரா வைக்க வேண்டும் என்று 2021ல் சட்டம் ஏற்பட்டு, 2023 செப்டம்பரில் அமுலுக்கு வந்தது. ஆரோக்கியமாக நடந்து போன மகனைத் தாடை கொஞ்சம் குறுகுவதற்காக அவள் இழந்தாள்.

நம் வீடுகளில் இந்தக் காரியம் வேறு வழியாக நுழைகிறது. பெண் எப்படி என்றால் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று சொல்லுகிற ஜனங்கள் நாம். புலவர்களோ மூக்கைக் குமிழம்பூ என்பார்கள், எள்ளுப்பூ என்பார்கள். சாமுத்திரிகா லட்சணக்காரனோ இப்படி மூக்கிருந்தால் புருஷனுக்கு ஆகாது, அப்படி மோவாயிருந்தால் குடும்பம் விளங்காது என்று பயமுறுத்துவான். பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியைத் தின்று விட்டு, மூக்கு கொஞ்சம் என்று இழுத்தால், பெண்ணின் தகப்பன் நகைக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை மூக்குக்கு ஒதுக்குகிறான். வரதட்சணையில் இது ஒரு புதிய இனம். முன்பு பொன்னும் பாத்திரமும் கேட்டவர்கள் இப்போது எலும்பும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் மூக்கை யாராவது இஞ்சு வைத்து அளந்ததுண்டா? இனி அதுவும் வரும் போலிருக்கிறது. வாலிபர்கள் தாடை கூர்மையாக வேண்டும் என்று அலைகிறார்கள். ஆணும் பெண்ணும் சமமாவது என்று நாம் கேட்டது இந்தச் சமத்துவத்தையல்ல.

யோசித்துப் பார்த்தால், தன் பக்கத் தோற்றம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாத ஒன்று. இரண்டு கண்ணாடி வைத்தாலொழிய அதைப் பார்க்க முடியாது. மனிதனை நேராக ஒன்றும் பக்கமாக ஒன்றும் படம் பிடிக்கும் வழக்கத்தைத் திட்டமாக ஏற்படுத்தினதே 1880களில் பாரிஸ் போலீஸ் இலாகாதான். கைதிகளை அடையாளம் காண! அந்தக் கைதிப் படத்தை இப்போது நாமே நம்மைப் பிடித்துக் கொள்ளுகிறோம். அதிலும் கைப்பேசி செய்கிற பொய்யைக் கேளுங்கள். முகத்துக்கு ஓரடி தூரத்தில் நேராக வைத்துப் பிடித்தால், ஐந்தடி தூரத்தில் பிடித்ததைக் காட்டிலும் மூக்கு நூற்றுக்கு 30 பங்கு அகலமாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க வைத்தியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். காமிராவின் பிசகுக்கு மூக்கை அறுப்பது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவுக்கும் மேல் ஒருவர் செய்து கொள்ளுவதாகவே தீர்மானித்தால், தோழர்களே, கண்ணைத் திறந்து கொண்டு போங்கள். மூக்கு அறுவையின் வீக்கம் முழுதும் வடிந்து உருவம் நிலைக்க ஒரு வருஷம் ஆகும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பேர் வரை மறுபடியும் அறுத்துக் கொள்ள நேரிடுகிறது. இரண்டாவது தடவை முதல் தடவையை விடச் சிரமம். அதிகமாகச் சீவி விட்டால் மூச்சே அடைபடலாம். கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறபடியால், தாடையை அறுத்தவர்களில் சிலருக்கு உதடு மரத்தே போய் விடுகிறது. டீ சுடுவதும் தெரியாது, எச்சில் வடிவதும் தெரியாது. முகம் வளர்ந்து முடியாத பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகவே கூடாது. ஒரு நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் நின்று, ஊரில் ஒருவர் கண்ணுக்கும் படாத குறையை நினைத்து வெளியே வராமல் அழுகிறவர்களும் உண்டு. அது மூக்கின் நோயல்ல, மனத்தின் நோய். அதற்கு மனநல வைத்தியர் இருக்கிறார், மருந்திருக்கிறது, குணமாகிறது. அறுத்தால் குணமாவது அபூர்வம். கவலை மூக்கை விட்டு மோவாய்க்குப் போகும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். அறுக்கப் போவது நீங்கள்தானா, கடைசி வரை நீங்களே இருப்பீர்களா? மயக்க மருந்து வைத்தியர் முழு நேரமும் பக்கத்தில் இருப்பாரா? பிசகினால் மறுபடியும் அறுப்பதற்குச் செலவு யாருடையது? எது எது மரத்துப் போகலாம், எத்தனை நாளைக்கு? கைப்பேசிப் படத்தைக் காட்டாமல், ஐந்தடி தள்ளிப் பிடித்த படத்தைக் காட்டுங்கள். அவர் கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தின் மேல் ஒரு கோட்டை இழுத்து இவ்வளவு குறைகிறது என்று சொன்னால், அந்தக் கோட்டை முதலில் யார் முகத்தில் இழுத்தார்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் தவணைக் காகிதத்தை எடுத்து நீட்டினால், எழுந்து வந்து விடுங்கள்.